வலிக்காத விரல்

இரவு இரண்டேகால். கோயிம்ப்ராவில் மழை.
ஆய்வகத்தில் நானும் ஓர் இயந்திரமும்.
அது சுழலும், நான் கொட்டாவி விடுவேன்.
முகங்கள் இங்கே இறங்கி வருவதில்லை.
ஊதா மூடி, மஞ்சள் மூடி போட்டுக்கொண்டு
விரல்நீளக் குழாய்களில்
மனிதர்கள் வருகிறார்கள்.

ஹெர்மீனியோ ரெபோஷு, ஐம்பத்தெட்டு.
மூளை அறுவைப் பிரிவு, படுக்கை பதினொன்று.
யூரிக் அமிலம் ஒன்று புள்ளி ஏழு.
திரை சிவந்து கேட்டது:
இது அவர்தானா?

நியாயமான கேள்வி.
ஒன்பது வருடமாக இவரை எனக்குத் தெரியும்,
பார்த்ததில்லை, அவ்வளவுதான்.
ஒன்பது புள்ளி ஒன்று. எட்டு புள்ளி எட்டு.
தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் ஜூன் மாதங்களில்
ஒன்பது புள்ளி நான்கு.
மாத்திரையை மறக்கிற ஆள்.
ஃபிகெய்ரா பேருந்தின் ஓட்டுநர்.
'வலது கால் பெருவிரல் வீக்கம்,
முடுக்கியை மிதிக்க இயலவில்லை, மூன்று நாள் விடுப்பு'
என்று யாரோ ஒரு மருத்துவர்
சீட்டின் ஓரத்தில் கிறுக்கியிருந்ததும்
எனக்குத் தெரியும்.

அந்த இரத்தம் இப்படி இருக்காது.
மேலே கூப்பிட்டேன்.
'ஸுல்மீரா, குழாய் மாறிவிட்டதா?'
'கைப்பட்டையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான்
குத்தினேன், லியோனில்டு.'
கொஞ்சம் நிறுத்தி,
'துணி பட்டாலே அலறுவாராம், மனைவி சொன்னாள்.
இன்றைக்கு அந்த விரல்மேல் இரண்டு போர்வை கிடக்கிறது.
மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை.'

ஆறு நாளுக்கு முன் தலைக்குள் ஒரு நாளம் வெடித்தது.
கவ்வி போட்டு மூடினார்கள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை,
கீழே இறங்கி
சிறுநீரகத்தின் காதில் எதையோ ஓதிவிட்டது.
சோடியம் நூற்று இருபத்து நான்கு.
உடம்பில் தண்ணீர் கூடிப்போச்சு என்றார்கள்.
கோப்பையை எடுத்துவிட்டார்கள்.
உதட்டுக்கு ஈரப் பஞ்சு.

பிறகு உப்புக் கரைசல்,
சொட்டு, சொட்டு,
நான்கு மணிக்கு ஒரு குழாய், எட்டு மணிக்கு ஒரு குழாய்.
மூன்றாம் இரவு சோடியம் நூற்று முப்பத்தைந்து.
அமிலம்?
ஒன்று புள்ளி ஆறு.

நனைந்த காலணியோடு டாக்டர் அனாக்லெட்டு
முதல்முறையாக ஆய்வகத்துக்கே வந்தார்.
சின்னப் பையன், சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.
'தண்ணீர் மிகுதிதான் காரணம் என்றால்,
உப்பு ஏறியதும் இதுவும் ஏறியிருக்கணும்.'
ஏறவில்லை என்றேன்.
சிறுநீரில் பாருங்கள் என்றார்.
பார்த்தேன்.
உப்பும் அமிலமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன,
தாழ்ப்பாள் இல்லாத வீட்டிலிருந்து
இரண்டு பேர் பேசிக்கொண்டே வெளியேறுவதுபோல.
'அப்போ கூடவில்லை, ஒழுகுகிறது,' என்றார்.
ஒரு நிமிடம் கழித்து, 'அநேகமாக.'
அந்த அநேகமாக எனக்குப் பிடித்திருந்தது.

கோப்பை திரும்பி வந்ததாம்.
ஸுல்மீரா சொன்னாள்:
ஒரே மூச்சில் குடித்துவிட்டு
இன்னும் என்பதுபோல் பார்த்தார்.

இத்தனை வருடம் அதற்குக் கழிவு என்று பெயர்.
மூட்டில் உறையும் கண்ணாடித் தூள், கெட்ட பொருள்,
குறைந்தால் நல்லது.
அது போனபிறகுதான் கவனித்தேன்,
அந்த விரல் ஒன்பது வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.
திட்டுகிறவர் இல்லாத வீட்டின் அமைதி
எப்படிப்பட்டதென்று விதவை நான்,
எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

செப்டம்பரில் வெளிநோயாளர் கட்டிலிருந்து
மஞ்சள் மூடி ஒன்று வந்தது.
சோடியம் சரி.
ஏழு புள்ளி ஒன்பது.
திரை மறுபடியும் சிவந்தது: இது அவர்தானா?

ஃபிகெய்ராவில் ஒரு மனிதர் இந்நேரம்
போர்வையை உதைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார்,
கெட்ட வார்த்தை சொல்லி.
மனைவி விளக்கைப் போடுவாள்.

அவர்தான், என்று அழுத்தினேன்.
அடுத்த குழாயை எடுத்தேன்.